குறை சொல்லச் சொன்னவன் நான்

எங்கள் குடியேற்றத்தில் முதல் மரத்தை வெட்டிச் சாய்த்தவன் நான். அது ஒரு பாலை மரம். கோடரிப் பிடி உடைந்தது, மரம் அசையவில்லை. முதிரை மரக் கொம்பில் புதுப்பிடி செதுக்கிப் போட்டு, அந்தப் பிடியால்தான் அதை விழுத்தினேன். முதல் கிணறு வெட்டியதும் என் காணியில்தான். வட்டக்கச்சியிலிருந்து எங்கள் பக்கம் வண்டி வரக்கூடிய பாதை, வாய்க்காலுக்கு மேலே மதகு, பிள்ளைகளுக்கு ஓலையால் வேய்ந்த பள்ளிக்கூடம், பிறகு அதே இடத்தில் ஓடு போட்ட மண்டபம், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவன் நான். காய்ச்சலில் ஆட்கள் பாயோடு கிடந்த காலத்தில் கட்டினேன். யானை வந்து தோட்டத்தை மிதித்துப் போன கிழமையிலும் கட்டினேன். அரசாங்கக் கச்சேரியில் இருந்த உத்தியோகத்தர்கள் "பார்ப்போம், பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்து முடிவதற்குள் மதகில் வண்டி ஓடியது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் வருட முடிவு வரைக்கும் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டுக் காணி இல்லாமல் இருந்தவன் வன்னிக்கு வந்து வட்டவிதானை ஆனேன். வயல் செய்யும் கமக்காரர் கையுயர்த்தித் தெரிவு செய்து, குளக்கட்டுத் துரிசின் பலகையைத் தூக்கி எல்லா வயலுக்கும் தண்ணீர் பங்கிடும் பொறுப்பைக் கொடுப்பார்களே, அந்த விதானை.

இவற்றோடு ஒரு பட்டதாரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவனையும் நான்தான் ஆக்கினேன்.

அந்தப் பட்டதாரி, நான் நின்று கட்டுவித்த மண்டபத்தில், நான் முன் வரிசையில் இருக்க, ஊரை அமுக்கி வைத்திருந்த ஒருவன் என்று என்னைச் சொல்லிவிட்டுப் போனான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையில் ஒரு பகுதியை விட்டுவிட்டான். விட்ட பகுதி என்னுடையது. அதைத் திரும்பக் கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் என் மனைவியின் தம்பி. மாமனார் இறந்த பிறகு அவனைப் படிப்பிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது சரியில்லை. நானே கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். கெட்டிக்காரன். நீர்ப்பாசன இன்ஜினியராக வரட்டும் என்று நினைத்திருந்தேன். அந்த இன்ஜினியர்மார் ஜீப்பில் வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கே சொல்லித் தந்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு ஆள் ஒருவன் அந்த ஜீப்பில் இருந்தால் அந்தக் கதை கேட்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அவனோ ஒரு நாள் சாப்பாட்டுக்கு இருந்தபோது சொன்னான்.

"சமூகப்பணி எண்டு ஒரு படிப்பு இருக்கு அத்தான். மதராசில இப்ப அதைப் பட்டப்படிப்பாத் துவங்கியிருக்கினம்."

"என்ன பணி?"

"ஆக்களோட வேலை செய்யிறது. அவையின்ர குறைகளைக் கேட்டு, அதுக்கு அவையளே ஒரு வழி பாக்கிறதுக்கு உதவி செய்யிறது."

"அதைத்தானே நான் ஒவ்வொரு நாளும் வாய்க்கால் கட்டில நிண்டு செய்யிறன். அதுக்கு ஏன் கடல் தாண்டிப் போகோணும்?"

குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நீங்கள் கேக்கிறேல்லை, சொல்லுறனீங்கள். அவன் கேக்கப் படிக்கப் போறான்."

அவள் எப்போதும் தம்பி பக்கம். நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் ஊரில் அந்தப் படிப்பை விளங்கப்படுத்துவது பெரிய பாடாகிவிட்டது. தண்ணீரூற்றிலிருந்து நெல் வாங்க லொறியோடு வரும் வியாபாரி ஒருவர் இருந்தார். முஸ்லிம் மனிதர். எங்கள் ஊர் முழுக்க அவரை நானா என்றுதான் கூப்பிடும். அவர் தராசைத் தூக்கியபடி கேட்டார்.

"மச்சினர் மதராசில என்ன படிக்கிறார் விதானையார்? டொக்டருக்கோ?"

"இல்லை நானா. சமூகப்பணி."

"அப்பிடியெண்டால்?"

"சனத்தின்ர குறை கேக்கிறது."

"நெல்லு நிறுக்கேக்க உங்கட சனத்திட்டை நான் கேக்காத குறையோ? எனக்கும் ஒரு பட்டம் எடுத்துத் தரச் சொல்லுங்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "படிச்சு முடிச்சு வரட்டும், பிறகு தெரியும்" என்றேன். அவன் இல்லாத இடத்தில் அவனுக்காகக் கதைத்தவன் நான். அதையும் சொல்லி வைக்கிறேன்.

விடுமுறைக்கு வரும்போது துரிசுக் கட்டின்மேல் என் பக்கத்தில் இருந்து படிப்பைப் பற்றிச் சொல்லுவான். முதல் வருடம் மனிதனுடைய மனம், சமுதாயம் என்று புத்தகப் படிப்பு. இரண்டாம் வருடம் ஆசுபத்திரி வார்ட்டிலும் அநாதைப் பிள்ளைகள் இருக்கிற மடத்திலும் கொண்டுபோய் விடுவார்களாம். அங்கே ஒன்றும் செய்யக்கூடாதாம், பக்கத்தில் இருந்து கேட்க வேண்டுமாம். கேட்கும்போது புத்தி சொல்லக்கூடாதாம். "அது சரியான கஷ்டம் அத்தான்" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு ஒரு வருடப் படிப்பா என்று கேட்பேன். கடைசி வருடம் ஒரு கிராமத்தில் சில மாதம் தங்கி, அந்தச் சனங்களை ஒன்றாக இருத்தி, தங்கள் குறையைத் தாங்களே கதைக்கவும் அதற்கு ஏதாவது செய்யவும் வைக்க வேண்டும். அதைப் பார்க்க ஆசிரியை ஒருவர் வருவார். அது சரிவராவிட்டால் பட்டம் இல்லை.

"எங்கட ஊர் இருக்க வேறை ஊர் என்னத்துக்கு?" என்று நான்தான் சொன்னேன். இலங்கைப் பிள்ளைகள் சொந்த நாட்டில் செய்யலாம் என்று கல்லூரிக்காரரும் இணங்கினார்கள். அப்படித்தான் எங்கள் குடியேற்றம் அவனுடைய படிப்புக்குள் வந்தது.

வந்து வீடு வீடாகப் போனான். கையில் ஒன்றும் கொண்டுபோக மாட்டான். கையில் கடதாசி இருந்தால் சனம் கதைக்காது என்று படிப்பித்திருந்தார்களாம். கடதாசி இல்லாமலும் சனம் கதைக்கவில்லை. எங்கள் ஆட்களைப் பற்றி அந்தக் கல்லூரிக்கு என்ன தெரியும்? அநேகமானவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒன்றுமில்லாமல் இருந்து காணி கிடைக்கும் என்று வந்தவர்கள். ஒன்றுமில்லாமல் இருந்தவனுக்குத்தான் அதை வெளியில் சொல்ல வெட்கம் அதிகம். வீட்டுக்கு ஒருவர் வந்து கதிரையில் இருந்துவிட்டால், அவர் எழும்பிப் போகும்வரை அந்த வீட்டில் இல்லை என்ற சொல்லே வராது. ஒரு வீட்டில் இவனை இருத்திவிட்டு, வீட்டுக்காரி பின்வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து போய்ச் சீனி கடன் வாங்கி வந்து தேத்தண்ணி கொடுத்ததை இவனே கண்டிருக்கிறான். "என்ன குறை அக்கா?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லைத் தம்பி, நல்லா இருக்கிறம்" என்ற பதில்தான். வாய்க்கால் கடைசியில் காணி உள்ள விதவை ஒருத்தி இருந்தாள். எனக்கு மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வீட்டில் சீனியும் இல்லை, கடன் கொடுக்கப் பக்கத்து வீடும் இல்லை. பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்து, "சீனி எங்களுக்கு விருப்பமில்லைத் தம்பி" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள்.

மாதங்கள் போயின. கூட்டம் வைத்தால் வந்து இருப்பார்கள். நல்லாக இருக்கிறோம் என்று சொல்லி எழும்பிப் போவார்கள். ஆசிரியை வருவதற்கு முதல் நாள் அவன் சோறு சாப்பிடவில்லை. வயல் வரம்பில் வந்து என் முன்னால் நின்றான்.

"நாளைக்கு அவா வந்து கேக்கேக்கையும் இவையள் ஒரு குறையும் இல்லை எண்டுதான் சொல்லப் போகினம். நான் இஞ்சை ஒண்டும் செய்யேல்லை எண்டு அவா போய்ச் சொல்லுவா. எல்லாம் முடிஞ்சுது அத்தான்."

"நீ கேக்கிற முறை பிழை."

"நீங்கள் ஏதாவது செய்யுங்கோ."

இந்தக் கடைசி வசனத்தை வாசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். நான் போய் வலியத் தலையிடவில்லை. அவன் கேட்டான்.

அது சிறுபோகக் காலம். குளத்தில் தண்ணீர் குறைவு. வயல்களுக்கு முறை வைத்துத்தான் திறப்பேன். யாருக்கு எப்போது முறை என்று கேட்க மாலையில் துரிசடிக்கு எல்லோரும் வருவார்கள். அன்றைக்கும் வந்தார்கள், மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி. மைத்துனன் துரிசின் மறுபக்கச் சுவரில் சாய்ந்து நின்றான். நான் குரலை உயர்த்திச் சொன்னேன்.

"நாளைக்கு மதராசில இருந்து தம்பியின்ர ரீச்சர் வாறா. உங்களுக்கு என்ன குறை எண்டு கேப்பா. இல்லையெண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. அவன்ர படிப்பு போயிடும்."

ஒருவன் தலையைச் சொறிந்தான். "அவ்வளவு தூரத்தில இருந்து வாற மனுசிக்கு முன்னால வீட்டில இல்லாததுகளைச் சொல்லுறதோ விதானையார்? எங்களை என்னெண்டு நினைப்பா?"

எனக்கு இந்த ஆட்களைத் தெரியும். வீட்டில் அரிசி இல்லை என்று உயிர் போனாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இன்னொருவனைப் பற்றிக் குறை சொல்ல விட்டால் வேலியடியில் நின்று பொழுதுபடும்வரை சொல்வார்கள். அதில் வெட்கம் இல்லை.

"இல்லாததைச் சொல்ல வேண்டாம்," என்றேன். "என்னைச் சொல்லுங்கோ."

"உங்களையோ?"

"ஓம். விதானை தண்ணி ஒழுங்காத் திறக்கிறானில்லை எண்டு சொல்லுங்கோ. ஆக்களை அதட்டுறான் எண்டு சொல்லுங்கோ. சொல்ல உங்களுக்குச் சொல்லித் தரோணுமோ?"

சிரிப்பு எழும்பியது. "அப்ப நாளைக்கு ஒரு நாள் எங்களுக்குப் பெருநாள்தான்" என்றான் ஒருவன். அந்த விதவை மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்கால் கட்டில் சற்று விலகி நின்றவள் கேட்டாள்.

"உண்மையாவே சொல்லலாமோ விதானையார்?"

"தாராளமாச் சொல்லுங்கோ அக்கா."

"பிறகு கோவிக்கக்கூடாது."

"கோவிக்க மாட்டன்."

மைத்துனன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். போகும்போது என் கையைப் பிடித்தான். அந்தக் கை ஈரமாக இருந்தது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த நாள் நானே வண்டி கட்டிக்கொண்டு கிளிநொச்சி ஸ்டேஷனுக்குப் போனேன். கப்பலில் தலைமன்னார் வந்து, ரயில் மாறி வந்திருந்தார் அந்த அம்மா. வெள்ளைச் சேலை, கண்ணாடி, ஒரு சிறிய பெட்டி. "நீங்கதான் அவரோட அத்தானா? உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார்" என்றார். வழி நீளம் பாதை, மதகு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டிலில் நடந்தது. அவருக்கென்று என் வீட்டுக் கதிரையைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். அவர் அதில் இருக்க மாட்டேன் என்று சொல்லிப் பாயில் சனத்தோடு சனமாக இருந்துவிட்டார். கொண்டுபோன கதிரை சும்மா கிடந்தது. அதில் நான் இருந்தேன்.

"உங்க ஊர்ல என்ன சிரமம்? நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றார்.

முதலில் ஒருவன் எழும்பி, "விதானையார் தண்ணியைக் கொஞ்சம் பிந்தித்தான் திறக்கிறவர்" என்றான். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அடுத்தவன் நான் அதட்டுவதாகச் சொன்னான். மூன்றாமவன் அதையே திருப்பிச் சொன்னான். நான் ஒழுங்கு செய்தபடியே போனது. பிறகு அந்த விதவை எழும்பினாள். எழும்பியவள் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"என்ர காணி வாய்க்கால் கடைசியில. தண்ணி என்னட்டை வரேக்க சேறுதான் வரும். முறையைக் கடைசியில இருந்தும் துவங்கலாம். ஒரு போகமும் அப்பிடித் துவங்கேல்லை. வாய்க்கால் தலைப்பில இருக்கிறது இவரின்ர காணி." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "பாதை வெட்டேக்க என்ர பிள்ளைக்குக் காய்ச்சல். நான் வேலைக்குப் போகேல்லை. அந்தக் கிழமை என்ர முறைத் தண்ணி வரேல்லை. போய்க் கேட்டனான். 'பாதை வெட்ட வரேல்லை, பாதையால மட்டும் நடக்கிறனீதானே' எண்டு சொன்னவர்."

நான் சிரிக்கப் பார்த்தேன். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் சொல்லிக்கொடுக்காதவை எல்லாம் வரத் தொடங்கின. மதகு கட்டும்போது கல் சுமந்தவர்களின் கதை, கட்டத் தொடங்கியிருந்த மண்டபத்துக்கு மரம் தறித்தவர்களின் கதை, வேலைக்கு வராத வீட்டின் வாசலில் நின்று நான் கேட்ட கேள்விகள். நேற்றுப் பெருநாள் என்று சிரித்தவன் சிரிக்காமல் கதைத்தான். நான் தலையாட்டுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஓரிடத்தில், "சரி, போதும்" என்றேன்.

"ஐயா, அவங்க பேசி முடிக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

எங்கள் குடியேற்றத்தில் அதுவரை ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நான் கதிரையில் இருந்தேன். எழும்பிப் போயிருந்தால் கூட்டம் குழம்பியிருக்கும், அவனுடைய படிப்பும் அதோடு போயிருக்கும். அதனால் இருந்தேன். அந்த இருப்புக்கு மதகு கட்டியதைவிட அதிகம் பலம் வேண்டியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஒரு குழு அமைந்தது. விதவையும் அதில் ஒருத்தி. ஒரு முறை தலைப்பிலிருந்து, அடுத்த முறை கடைசியிலிருந்து தண்ணீர் விடுவது என்று முடிவானது. எல்லோருக்கும் முன்னால் நான் சம்மதித்தேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அந்த அம்மா சொன்னார்: "எத்தனையோ மாணவர்களோட கிராமங்களைப் பார்த்திருக்கேன். ஜனங்க இப்படி வாய் திறந்து பேசினதை நான் பார்த்ததில்லை." அப்போது என் நாக்கு நுனியில் உண்மை வந்து நின்றது. பக்கத்தில் மைத்துனன் இருந்தான். நான் மாட்டை அதட்டி ஓட்டினேன்.

அவன் பட்டச் சோதனையில் மிகத் திறமையாகச் சித்தியடைந்தான். எனக்கு வந்தது வேறு. அடுத்த கமக்காரர் கூட்டத்தில் விதானையைத் தெரிவு செய்ய வேண்டி வந்தது. வாய்க்கால் கடைசிக் காணிக்காரன் ஒருவனுடைய பெயரைச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. எனக்கென்று உயர்ந்த கைகள் என் உறவுக்காரருடையவை. அவையும் தோளுக்கு மேலே போகவில்லை. துரிசுப் பூட்டின் திறப்பை நானே கொண்டுபோய்ப் புது விதானையின் கையில் வைத்தேன். ஊர் பழக்கத்தில் இன்னும் என்னை விதானையார் என்றுதான் கூப்பிடுகிறது. ஒரு பிள்ளையின் படிப்புக்காக என் முதுகை நானே காட்டினேன், அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது, அவ்வளவுதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பட்டம் பெற்றவன் வந்து ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் அதைச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

அவன் வந்தான். உத்தியோகம் கிடைத்து, சப்பாத்தோடு வந்தான். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்ட மண்டபம் முடிந்திருந்த காலம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் பட்டப்படிப்பைப் பற்றிச் சொல்ல அவனை அழைத்திருந்தார்கள். ஊரும் திரண்டு வந்தது. நான் சலவை வேட்டி கட்டி, சால்வை போட்டு, முன் வரிசை வாங்கில் போய் இருந்தேன்.

நன்றாகத்தான் கதைத்தான். நான் குறை சொல்ல முடியாது. "இந்தப் படிப்புக்குப் போகும்போது நான் உதவி செய்யப் போகிறேன் என்று நினைத்துப் போனேன். உதவி செய்வது லேசு. கேட்பதுதான் பாடு" என்றான். மூன்று வருடமும் என்ன படித்தான் என்று வரிசையாகச் சொன்னான். ஆசுபத்திரியில் ஒரு கிழவர் கதைத்தபோது தான் புத்தி சொல்லப் போய் வெட்கப்பட்டதைச் சொன்னான். புத்தகத்தில் படித்ததெல்லாம் கடைசி வருடத்தில்தான் தனக்கு விளங்கியது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு ஊரில் ஒருவர் இருந்தார். உழைப்பாளி. பாதை போட்டார், மதகு கட்டினார். ஆனால் அந்த ஊரில் அவரைத் தவிர ஒருவரும் வாய் திறப்பதில்லை. நல்லவர் ஒருவரின் நிழலில் இருந்து இருந்து சனம் கதைக்க மறந்துவிட்டது. அந்தச் சனங்களோடு பல மாதம் பொறுமையாக இருந்தேன். ஒரு நாள் ஒரு தாய் எழுந்து கதைத்தார். அன்றைக்குத்தான் என் படிப்பு எனக்குப் படிப்பாகத் தெரிந்தது."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பின் வாங்குகளிலிருந்து என் பிடரியைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. யாரோ இருமினார்கள். நான் அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். துரிசடி வரும், முதல் நாள் மாலை வரும் என்று. அவன் பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது, பழக்கத்தில்.

மத்தியானம் சாப்பாட்டில் நான் கேட்டேன்.

"தம்பி, முதல் நாள் பொழுதுபட துரிசடியில ஆர் நிண்டது?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நீங்கள்."

"என்னைக் குறை சொல்லுங்கோ எண்டு சொன்னது ஆர்?"

"நீங்கள்தான் அத்தான்."

"என்னட்டை வந்து ஏதாவது செய்யுங்கோ எண்டது?"

"நான்."

"இதுகளை ஏன் சொல்லேல்லை?"

 "நீங்கள் சொல்லிக்குடுத்தது முதல் மூண்டு பேர் சொன்னது மட்டும்தான். மிச்சம் அவையின்ர. நீங்கள் சொல்லிக்குடுத்தது எண்டு நான் மேடையில சொன்னால், அந்த அக்கா சொன்னதும் உங்கட கதையாப் போகும். பிறகு அவவின்ர கதையை ஆர் நம்புவினம்? உங்களுக்கே தெரியும், அவ சொன்னது உண்மை."

"அவவின்ரது அவவின்ரதாவே இருக்கட்டும். நான் கேக்கிறது, துரிசுப் பலகையைத் தூக்கித் தண்ணியை விட்டது ஆர் எண்டு."

"துரிசுப் பலகையைத் தூக்கினவர் தண்ணிக்குச் சொந்தக்காரர் இல்லை அத்தான்."

"தண்ணியை நான் கேக்கேல்லையே. தூக்கினது நான் எண்டு சொல்லச் சொல்லித்தானே கேக்கிறன்."

"நாங்கள் படிச்சது, இந்த வேலை செய்யிறவன் தன்னைக் காட்டக்கூடாது எண்டு."

"அப்ப பல மாதம் பொறுமையா இருந்தது ஆர்? நீ. உன்ர படிப்பு ஆருக்குத் தெரிஞ்சுது? உனக்கு. உன்னைக் காட்டலாம், என்னைக் காட்டேலாது. அப்பிடியோ?"

கறிச்சட்டியோடு நின்ற என் மனைவி என்னைப் பார்த்து, "அவன் சொன்னதில எது பொய்?" என்று கேட்டாள்.  அவள் அங்கேயே நிறுத்தவில்லை. தம்பி பக்கம் திரும்பி, "உண்மை எண்டால் முழுசாச் சொல்ல உனக்கு என்ன?" என்றாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் போய்விட்டான்.

அதோடு முடிந்திருந்தால் வீட்டுக் கதையாகப் போயிருக்கும். முடியவில்லை. போகிற இடமெல்லாம் தன் படிப்பைப் பற்றி அவனைப் பேச அழைக்கிறார்கள், அவனும் அதையே சொல்லி வருகிறான். வவுனியாவில் சொன்னான். அடுத்த அறுவடைக்கு நெல் வாங்க வந்த நானா, தராசை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"விதானையார், முள்ளியவளையில உங்கட மச்சினர் பேசினதை நானும் கேட்டன். ஒரு ஊரில ஒருவர் எண்டு ஒரு கதை. கேட்டுக்கொண்டு இருக்கேக்க எனக்கு அந்தப் பாதை தெரிஞ்சுது, மதகும் தெரிஞ்சுது." லொறிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அந்த ஆள் செத்துப் போனாரோ எண்டு பக்கத்தில இருந்தவன் கேட்டான். நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் முன்போல் பகிடி விடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் நொந்தது.

பிறகு ஒரு நாள் வாய்க்கால் கட்டில் அந்த விதவையைக் கண்டேன். கடைசியிலிருந்து தண்ணீர் விடும் முறை. அவளுடைய வயலில் தண்ணீர் தெளிவாக நின்றது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் கதைச்சது ஆராலை?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். "சொல்லச் சொன்னது நீங்கள். நீங்கள் அப்பிடிச் சொல்லாட்டி நான் வாய் திறந்திருக்க மாட்டன். ஆனால் சொன்னது நான். நீங்கள் சொல்லித் தந்ததை நான் சொல்லேல்லை."

"கோவிக்க மாட்டன் எண்டு சொன்னனான். கோவிக்கேல்லைத்தானே?"

"முகத்தைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை" என்று சொல்லி வரம்பை வெட்டப் போனாள்.

அவள் பங்கிட்ட அளவு எனக்குச் சரி. அதற்கு மேலே நான் கேட்கவில்லை. பாதை வெட்டிய கிழமை அவளுடைய முறை தவறியதை நான் மறுக்கவில்லை. வாய்க்கால் தலைப்பில் என் காணி இருந்ததையும் மறுக்கவில்லை. விதானைப் பதவியையும் திருப்பிக் கேட்கவில்லை. அது போன வழியில் போகட்டும். ஆனால் ஒரு மனிதன் தன்னுடைய சனத்தைக் கூப்பிட்டு வைத்து, என்னைப் பற்றிக் குறை சொல்லுங்கள் என்று தன் வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. பிறகும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதைச் செய்தவன் நான். அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் என் மைத்துனன் என் முன்னால் வந்து நின்றிருக்க மாட்டான்.

ஆகவே என் மைத்துனனுக்கு இதை எல்லோரும் அறியச் சொல்கிறேன். உன் கதையை நிறுத்தச் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லாமல் விட்டது போலவே விடலாம். ஊரை அமுக்கியவன் என்றும் சொல்லிக்கொள். ஆனால் அந்தத் தாய் எழுந்து கதைத்தார் என்று சொல்வதற்கு முன், இந்த வசனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "அதற்கு முதல் நாள் மாலை, என் வேண்டுதலின் பேரில், தன்னைக் குறை சொல்லும்படி அந்தச் சனத்தைக் கேட்டவர் அவரே. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்." முதலில் எங்கள் மண்டபத்தில் சொல்ல வேண்டும். பிறகு வவுனியாவில். பிறகு முள்ளியவளையில், நானாவுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கும் கேட்கும்படி.

முன் வாங்கில் என் இடம் அப்படியே இருக்கிறது. நீ அதைச் சொல்லும் நாளில் வந்து இருப்பேன்.